பல்லுக்காரரின் கிளாரினெட்

பல்லுக்காரருக்கு ஐம்பத்து நான்கு வயது. சொந்தப் பற்கள் முப்பத்திரண்டும் வாயில் பத்திரமாக இருந்தன. ஆனால் ஊரார் அவரைப் பல்லுக்காரர் என்று கூப்பிட்டது அதற்காக இல்லை. அவர் அடுத்தவர்களுக்குப் பல் செய்து கொடுப்பவர். பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில் டாக்டர் பிடுங்குவார், அச்சு எடுப்பார்; அச்சு பின்னறைக்கு வரும். பல்லுக்காரர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ரோஸ் நிறத்தில் ஈறு வைத்து, முழுச் செட்டாக முன்னறைக்கு அனுப்புவார். நோயாளிகள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவருக்கோ ஊரில் பாதிப் பேரைத் தாடையாகத் தெரியும். தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், இடது கடைவாய் கொஞ்சம் உயரமாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்.

அவரிடம் ஒரு கிளாரினெட் இருந்தது. இருபத்து மூன்று வயதில் வாங்கியது. மாலை ஆறு மணிக்கு டாக்டர் வண்டியைக் கிளப்பியதும், மேஜையில் இருக்கும் பிளாஸ்டர் தூசியைத் துடைத்துவிட்டு, அதே பின்னறையில் ஏழு மணி வரை வாசிப்பார். பிறகு பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போவார். சுமாராகத்தான் வாசிப்பார். இதை ஒளித்து மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் அவரே சொல்வார். முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கிளாரினெட்டை வேறு யார் வாயிலும் அவர் வைக்கவிட்டதில்லை, ஒரே ஒரு முறை தவிர. காலையிலிருந்து மாலை வரை மனித வாய்களோடு பழகுகிறவர் அவர். ஒரு வாய்க்குள் என்னவெல்லாம் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், அவருக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. முகத்தை முறித்துப் பேசும் பழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. அதனால் யார் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். வேலை கேட்டு வருகிறவரிடமும், இன்னும் ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகச் சொல்கிற மாமியாரிடமும் நாம் எல்லோரும் சொல்கிற அதே பாக்கலாம்தான். நடக்காது என்று அர்த்தம். தமிழில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

ஆனால் கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'உங்க கிளாரினெட்டை என் வாயில வைக்கட்டுமா' என்று யாராவது நேராகக் கேட்டிருந்தால், அவர்கூட ரோஷம் வந்து மறுத்திருப்பார். யாரும் அப்படிக் கேட்பதில்லை. "பாக்கலாமா?" என்றுதான் கேட்பார்கள். கண்ணால் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, கையால் பார்ப்பார்கள். தட்டிப் பார்ப்பார்கள், திருகிப் பார்ப்பார்கள், கடைசியில் ஊதிப் பார்ப்பார்கள். எல்லாமே பார்ப்பதுதான். மொழி முழுக்க அவர்கள் கட்சியில் இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். தண்ணீர் மோட்டார் பொருத்துகிற வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும், மூலையில் இருந்த கிளாரினெட் பெட்டியைக் காட்டி, "பாக்கலாமா சகலை?" என்றார். "பாக்கலாம்" என்றார் பல்லுக்காரர், வழக்கமான அர்த்தத்தில். சகலை அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். கேட்டது பாக்கலாமா, வந்தது பாக்கலாம். கோர்ட்டுக்குப் போனாலும் சகலைதான் ஜெயிப்பார்.

பம்பு பொருத்துகிற கை. இணைப்புகளை இறுக்கியே பழகியது. வாயில் வைக்கும் மவுத்பீஸில் நாணல் பட்டையைத் தலைகீழாக மாட்டி, விரல் வைக்கும் சாவி ஒன்றை வளைத்து, வாயில் மிச்சமிருந்த சோற்றோடு சகலை ஊதினார். வந்த சத்தத்துக்குக் குழந்தைகள் கைதட்டின. பல்லுக்காரர் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து சகலை வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை. அவர் வீட்டில் தான் மாட்டிக் கொடுத்த மோட்டார் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட சகலை, இந்த ஏழு வருஷத்தில் மூன்று முறை ஆள் அனுப்பி அதை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை மாலை டாக்டர் பின்னறைக்கு வந்தார். டாக்டர் சின்ன வயசு; பல்லுக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, பஸ் டிப்போ ஸ்டோர்ல வேலை பாக்கற அம்மா நாலாவது தடவையா வந்திருக்காங்க. மேல் செட்டு. மெல்ல வருது, பேச வருது, சிரிச்சா பாந்தமா இருக்கு. ஆனா சரியில்லங்கறாங்க. என்னம்மா சரியில்லன்னா வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. எனக்கு மண்ட காயுது. நீங்களே பேசிப் பாருங்க."

பல்லுக்காரருக்கு அந்த அம்மாவின் மேல் தாடை நன்றாகவே தெரியும். இரண்டு முறை வார்த்திருக்கிறார். அதன் மேலே இருந்த முகத்தை இப்போதுதான் பார்த்தார். ஐம்பத்தேழு வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, விரல் நுனியில் கிரீஸ் கறை. உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே ஒரு தாங்கியில் கிளாரினெட் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார்.

"பாக்கலாமா சார்?"

"பாக்கலாம்" என்றார் பல்லுக்காரர். சொல்லிவிட்டு, குறுக்கே போய் நிற்பதற்காக எழுந்தார்.

ஸ்டோர் அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்தார். மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு சாவியாக, மூச்சுக்கூடப் படாத தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நல்லா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பல்லுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் பார்க்க மட்டும் செய்த ஒரு ஆளை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

"வாசிப்பீங்களா மேடம்?"

"டிப்போ பேண்டுல ரெண்டாவது கிளாரினெட்டு. இருபத்து நாலு வருஷமா" என்றார் அவர். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எட்டு மாதத்துக்கு முன் மேல் பற்களை எடுத்தார்கள். அன்றிலிருந்து வாசிப்பு இல்லை. கிளாரினெட் வாசிக்க மேல் முன்பல் மவுத்பீஸின் முதுகில் அழுத்திப் பிடிக்க வேண்டும். புதுச் செட்டில் முன்னால் அழுத்தினால், பின்னால் செட்டு கழன்று இறங்குகிறது. காற்றெல்லாம் அந்தப் பக்கமாகப் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை பேண்ட் மாஸ்டர் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார். வாசித்தால் பேண்டில் அவர் நாற்காலி அவருக்கே. இல்லாவிட்டால் டயர் செக்ஷனில் ஒருவர் தயாராக இருக்கிறார்.

"இத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"பல்லு போன வயசுல பீப்பீ கேக்குதான்னு சிரிப்பாரு சார்." விரல் நுனிக் கறையைத் தேய்த்துக்கொண்டே, "வீட்டுல நான் ஒருத்திதான். செவ்வாய்க்கிழமை பிராக்டீஸ் இருக்குன்னுதான் திங்கக்கிழமைய ஓட்டிட்டிருந்தேன்" என்றார்.

பல்லுக்காரர் பென்சிலை எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைதானே? மூணு நாள் இருக்கு" என்றார். பாக்கலாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை அவரே கவனிக்கவில்லை.

டிப்போவின் கிளாரினெட் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருந்தது. பேண்டில் நாற்காலி உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது திறக்கும். ஸ்டோர் அம்மாவுக்குச் சொந்தமாக ஒன்று என்றுமே இருந்ததில்லை. கிளாரினெட் இல்லாமல், கிளாரினெட் வாசிக்கும் பல்லை எப்படிச் சரிபார்ப்பது? அந்த அறையில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த அம்மா கேட்பார், பாக்கலாம் என்று சொல்லிவிடலாம் என்று பல்லுக்காரர் காத்திருந்தார். அவர் கேட்கவே இல்லை. கேட்காத ஒருவருக்கு மறுப்பது எப்படி என்று பல்லுக்காரருக்குத் தெரியவில்லை. அன்று மாலை வாசிப்பதை விட்டுவிட்டு, நோயாளிகளின் வாயில் வைக்கும் அதே பசையைக் குழைத்துத் தன்னுடைய மவுத்பீஸுக்கு அச்சு எடுத்தார். ஈறு செய்கிற ரோஸ் பிளாஸ்டிக்கில் அதை வார்த்தார். காலையில் அது மேஜைமேல் இருந்ததைப் பார்த்த டாக்டர், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு வாய்ண்ணே? இப்படி ஒரு வாய நான் பாத்ததே இல்லையே."

"வெளியூர் கேஸு" என்றார் பல்லுக்காரர்.

செவ்வாய்க்கிழமை ஸ்டோர் அம்மா ரோஸ் மவுத்பீஸைக் கடித்தார். மெழுகில் நின்ற பல்லைப் பல்லுக்காரர் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளினார், நுனியைத் தடிப்பாக்கினார், அண்ணத்தின் பின் ஓரத்தை ஆழமாக்கினார். கடிப்பதற்கு வாகாக வந்துவிட்டது. ஆனால் ரோஸ் மவுத்பீஸில் சத்தம் வராது. சத்தம் வரும்படி ஊதினால்தான் செட்டு நிற்குமா கழலுமா என்பது தெரியும். இது இருவருக்குமே தெரிந்த விஷயம்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு முழுச் செட்டு தயார். ஸ்டோர் அம்மா அதைப் போட்டுக்கொண்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பல்லுக்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் கிளாரினெட்டைத் தாங்கியிலிருந்து எடுத்து, அவர் பக்கமாக நீட்டினார். கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று அவர் பழகியதே இல்லை. அதனால் இருமினார்.

ஸ்டோர் அம்மா எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். உட்கார்ந்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். ஊதினார். ஒரு ஸ்வரம் வந்தது, அடுத்தது பிசிறடித்தது, மூன்றாவது பாதியில் செத்தது.

பல்லுக்காரர் செட்டை வாங்கி ஓரத்தைத் தேய்த்தார். மறுபடியும் அதே பிசிறு. பின்பக்கம் கொஞ்சம் ஏற்றினார். மறுபடியும் அதே. நாலாவது முறை தேய்க்கும் இயந்திரத்தை ஓடவிட்டபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நாளைக்கு நாலு மணிக்கு இந்த அம்மா போய் உட்கார வேண்டும். இன்னும் ஒரு சுற்றுத் தேய்த்தால் செட்டே போய்விடும். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இயந்திரத்தை நிறுத்தினார்.

"மேடம், செட்டு கழலவே இல்ல. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன், ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அப்புறம் ஏன் இப்படி வருது?"

ஸ்டோர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க பேண்டுல ஒரு பழக்கம் சார். அடுத்தவங்க வாத்தியத்த அவங்க முன்னாடியே அவங்களவிட நல்லா வாசிக்கக் கூடாது. மனசு கஷ்டப்படும்."

"நான் எப்படி வாசிப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன மூணு தடவையும் வந்துட்டுப் போறப்ப வாசல்ல நின்னு கேட்டிருக்கேன்."

பல்லுக்காரருக்கு முதலில் கோபம் வந்தது. ஆனால் அவர் வாசிப்பை அவ்வளவு துல்லியமாகக் காப்பியடிக்க ஒரு திறமை வேண்டும், அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது மேடம். ஒழுங்கா வாசிங்க."

வாசித்தார். பெரிய உருப்படி ஒன்றுமில்லை. பேண்டில் அணிவகுப்புக்கு வாசிக்கிற சாதாரண மெட்டுதான். ஆனால் கீழ் ஸ்வரங்கள் அந்த அறையின் தரை வழியாக வந்து காலில் ஏறின. அலமாரியில் தாடைகள் அதிர்ந்தன. தன் கிளாரினெட்டுக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது பல்லுக்காரருக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷமாக அதன் பின்னால் உட்கார்ந்து ஊதியவர் அவர். எதிரே உட்கார்ந்து கேட்டது இன்றுதான். பொறாமையாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணைக் கரித்தது. முகம் கழுவுகிற சாக்கில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது ஸ்டோர் அம்மா வாசிப்பதை நிறுத்தியிருந்தார். மவுத்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், டிப்போ கிளாரினெட்டு மவுத்பீஸ் இவ்வளவு தடியா இருக்காது. முதுகு ஒல்லியா, சரிவா இருக்கும்."

பல்லுக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அளவெடுத்துச் செய்த பல். அவருடைய மவுத்பீஸின் முதுகுக்கு, அந்தத் தடிமனுக்கு, அந்தச் சரிவுக்கு. வேறு எதைக் கடித்தாலும் பழைய கதைதான், பின்னால் இறங்கும்.

"ரோஸ் மவுத்பீஸ கடிச்சப்பவே தெரிஞ்சிருக்குமே மேடம்! ஏன் சொல்லல?"

"உங்க வாத்தியத்தக் குறை சொல்ற மாதிரி ஆயிடும்னு நெனச்சேன். நீங்களும் எந்தக் கிளாரினெட்டுக்குன்னு கேக்கல."

"கேட்டா, என்னோடத குடுக்க மனசில்லாம கேக்கறேன்னு நெனச்சுக்குவீங்களோன்னு..." என்று இழுத்தார் பல்லுக்காரர்.

மரியாதை என்ற ஒன்று இல்லாத இரண்டு பேராக இருந்திருந்தால், இந்தச் செட்டு முதல் நாளே சரியாக வந்திருக்கும். மூன்று நாளாக ஒதுக்கி வைத்த மற்ற செட்டுகளையெல்லாம் முடித்துவிட்டு வேறு செய்ய மூன்று வாரம் ஆகும். டிப்போ மவுத்பீஸில் எதையாவது ஒட்டித் தடிப்பாக்கலாம் என்றால், அது நம்பர் அடித்த சர்க்கார் சொத்து. பல்லுக்காரர் தன் கிளாரினெட்டிலிருந்து மவுத்பீஸை மட்டும் கழற்றினார். "நாளைக்கு இத மாட்டி வாசிங்க. நானும் கூட வரேன்" என்றார். அது தனியாக வெளியே போய்ப் பழக்கமில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டிப்போவின் பழைய டயர் கிடங்கில் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பேண்ட் மாஸ்டர் பிரேக் செக்ஷன் ஃபோர்மேன். காதில் பென்சில் வைத்திருந்தார். டயர் செக்ஷன் ஆள் சுவரோரம் நின்றார். நல்ல மனிதர்தான், பாவம். ஸ்டோர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபோது அவரே இசைக் குறிப்பு ஸ்டாண்டை நகர்த்தி வைத்தார். பல்லுக்காரர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் மேல் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. இரண்டு பக்கம் வாசித்ததும் பேண்ட் மாஸ்டர் கை காட்டி நிறுத்தினார்.

"எட்டு மாசம் சும்மா இருந்த ஆள் மாதிரி தெரியலையே. செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு வந்துருங்க" என்றார். அவ்வளவுதான். ஒருவரும் கைதட்டவில்லை. ஸ்டோர் அம்மா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருந்தார்.

பிறகு மவுத்பீஸைக் கழற்றினார். தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியில் துடைத்து, அதே துணியில் சுற்றி, இரண்டு கையாலும் பல்லுக்காரரிடம் கொடுத்தார். "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு, டிப்போ முற்றத்தில் பஸ்களுக்கு இடையே நடந்து போனார். செவ்வாய்க்கிழமைக்கு என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டார். பல்லும் நாற்காலியும் இருந்தும், கடிக்கத் தோதான மவுத்பீஸ் இல்லாமல் அவர் அங்கே போய் உட்காருவார். வேறு செட்டு தயாராவதற்குள் டயர் செக்ஷன் ஆள் மறுபடி சுவரோரம் வந்து நிற்பார். பல்லுக்காரர் கையிலிருந்த துணி இன்னும் ஈரமாக இருந்தது.

"மேடம்!" என்று கூப்பிட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். ஓடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. இரண்டாவது பஸ்ஸின் பின்னால் அவரைப் பிடித்து, துணிப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

ஸ்டோர் அம்மா அதைப் பார்த்தார். "இது இல்லாம நீங்க எப்படி சார் வாசிப்பீங்க?"

"எனக்கு என்ன அவசரம்? வேற ஒண்ணு வாங்கிக்குவேன். சுமாரான ஆளுக்குச் சுமாரானது போதும்."

"எப்ப திருப்பித் தரணும்?"

"பாக்கலாம்" என்றார் பல்லுக்காரர்.

ஸ்டோர் அம்மாவுக்கு அர்த்தம் புரிந்தது. பேனாக்களை வேறு பைக்கு மாற்றிவிட்டு, பொட்டலத்தை மார்போடு இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பல்லுக்காரர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, வாயில வைக்கிறதக் காணோம்?"

"குடுத்துட்டேன்."

மனைவியின் கையில் இருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பெட்டியைத் தூசி தட்டக்கூட அவர் மனைவியை விட்டதில்லை.

"குடுத்துட்டீங்களா? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

மனைவி சட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. அதன் பிறகும் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.